சிப்பித்துறை சைபரான விதம்

சிப்பித்துறையில் மனிதர்கள் சைபராக ஆரம்பித்தது, ‘கடல் விண்மீன்’ என்ற விசைப்படகு ஒன்பது பேரோடு திரும்பாமல் போன நாற்பதாம் நாள், காலை பதினொரு மணிக்கு, கோவில் தெருவின் முதல் வீட்டில். அந்த வீட்டுக்காரர் கஸ்பார் வாத்தியார் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷத் தகராறு. நீட்டிய விரல் நீட்டியபடி, திறந்த வாய் திறந்தபடி அவர் அப்படியே நின்றுபோனார். உள்ளே அவர் மனைவி கரண்டியைத் தூக்கியபடி நின்றாள், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகள் கையில் ஈரச் சேலையோடு நின்றாள், குழம்பு பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது, சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து வாத்தியார் விரலை மடக்கிக்கொண்டு, “வெயில் ஏறுதே, உள்ள போங்க” என்றார்.

அவர் எதையும் மறந்துவிடவில்லை. வேலி எந்த வருஷம் எத்தனை முழம் நகர்ந்தது என்று கேட்டால் தேதியோடு சொன்னார். ஆனால் அந்த இருபத்தாறு வருஷத்தில் சேர்ந்திருந்த கோபம் ஒரு சொட்டுகூட அவரிடம் மிச்சமில்லை. சாக்பீஸ் பிடித்துக் காய்த்துப்போயிருந்த விரல் பிறந்த குழந்தையின் விரல்போல மெத்தென்று ஆகியிருந்தது. வீட்டு மின்சார மீட்டர் சைபரைக் காட்டியது, ஸ்கூட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டர் எல்லாம் சைபராகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனைவியை அவர் பெயர் சொல்லிச் சரியாகக் கூப்பிட்டார், அன்றைக்குத்தான் பெண் பார்க்க வந்தவர்போலக் கூச்சத்தோடு கூப்பிட்டார்.

மாலை ஐந்து மணிக்கு அடுத்த வீடு. இரவு பதினொன்றுக்கு அதற்கடுத்த வீடு. விடியற்காலை ஐந்து மணிக்கு அதற்கும் அடுத்தது. இப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒரு வீடு என்று, அவசரமும் இல்லாமல் சுணக்கமும் இல்லாமல், அது தெரு வழியே நடந்து வந்தது.

அது எந்த வழியில் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் தெக்லா. முப்பத்தொரு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள், லெயோன் அண்ணாச்சியின் கேபிள் இன்டர்நெட் ஆபீசில் ஒன்பது வருஷமாக வேலை செய்தவள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது, பச்சை விளக்கு எரியும் பெட்டி. தன் வழியாக எவ்வளவு தகவல் போய் வந்தது என்பதை அது ஒற்றை எண்ணாக வைத்துக்கொண்டிருக்கும். அந்த எண் ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கவே இறங்காது. ஆபீசில் இருந்த கண்காணிப்புக் கம்ப்யூட்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பெட்டியிடமும் ‘இப்போ எவ்வளவு?’ என்று கேட்கும், முன்பு சொன்ன எண்ணை இப்போது சொன்ன எண்ணிலிருந்து கழிக்கும், வந்த விடையைத் திரையில் கோடாக வரையும். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தெக்லாவின் வேலை.

பெட்டி அணைந்து எரிந்தால் மட்டும் அதன் எண் சைபருக்குப் போய்விடும். ஆரம்பத்தில், அப்படி எண் திடீரென்று குறைந்தால் கம்ப்யூட்டர் குழம்பிப்போகும். எண் நிரம்பி வழிந்து மறுபடி முதலிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு மலை உயரத்துக்கு ஒரு கோட்டை வரைந்து, மணியடித்து ஊரைக் கூட்டும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் மணி அடித்தது. லெயோன் அண்ணாச்சிக்குத் தலைவலி வந்தது.

“எண் குறைஞ்சா பெட்டி அணைஞ்சு எரிஞ்சிருக்குன்னு வச்சிக்கிட்டு, சைபர்லேருந்து எண்ணச் சொல்லு பிள்ள. இடையில பதில் வரலைன்னா, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்டுரச் சொல்லு. மணி வேண்டாம்” என்றார்.

தெக்லா அப்படியே மாற்றி வைத்தாள். அதன்பிறகு ஏழு வருஷம் மணி அடிக்கவே இல்லை.

கஸ்பார் வாத்தியார் சைபரான அன்றைக்கும் அடிக்கவில்லை. திரையில் அவர் வீட்டுக் கோடு ஒரு பிசிறும் இல்லாமல் ஓடியது. கோட்டுக்கு அடியில் இருந்த வெறும் எண்களைத் திறந்து பார்த்தபோதுதான் சரியாகப் பதினொரு மணிக்கு அந்த வீட்டுப் பெட்டி சைபரைத் தொட்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டுப் பெட்டி ஐந்து மணிக்குத் தொட்டிருந்தது. கம்பி போகும் வழி அவளுக்கு மனப்பாடம், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வரைபடத்தைப் போட்டவளே அவள்தான். ஆபீசிலிருந்து கோவில் தெரு, அங்கிருந்து சவேரியார் தெரு, பிறகு சங்குக்காரத் தெரு, கடைசியில் துறைமுகத் தெரு. அவள் விரல்விட்டு எண்ணினாள். துறைமுகத் தெருவில் அவள் அக்கா செலினின் வீட்டுக்கு அது தை மாதம் கடைசி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரும். அவள் தனியாக இருந்த வீட்டுக்கு அதற்கடுத்த ஞாயிறு, அதே பதினொரு மணி.

ஊர் பயந்தது உண்மைதான், ஆனால் பத்து நாள்தான் பயந்தது. சங்குக்காரத் தெருவில் ஒருவர் பெட்டியைச் சுவரோடு பிடுங்கிக் கிணற்றில் போட்டார். பிடுங்கிய நொடியிலேயே அவர் வீடு சைபரானது. இன்னொருவர் குடும்பத்தோடு மதுரைக்கு ஓடினார். அவர் வீட்டு முறை வந்தபோது மதுரையில் ஒரு டீக்கடை வாசலில் நாலு பேரும் டம்ளரும் கையுமாக ஐந்து நிமிஷம் நின்றார்கள், பிறகு திரும்பி பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் பெட்டியைத் தொடவில்லை, யாரும் ஓடவில்லை. அது வரும், வந்துவிட்டுப் போகும் என்று ஊர் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டதும் அதற்கு ஒரு முறையும் உண்டானது. ஒரு வீட்டின் நேரம் வருகிறதென்றால் கால்மணி முன்னாலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள் போய் அடுப்பை அணைத்தார்கள், கைக்குழந்தைகளை வாங்கித் தரையில் பாயில் கிடத்தினார்கள், ஏணியில் நிற்கிறவர்களை இறக்கினார்கள். ஐந்து நிமிஷம் முடிந்து கண் சிமிட்டியதும் வீட்டார் ஒவ்வொருவர் நாக்கிலும் ஒரு சிட்டிகைச் சர்க்கரை வைத்தார்கள், புதிதாகச் சேரப்போவதில் முதலாவது இனிப்பாக இருக்கட்டும் என்று. பிறகு அவர்களுக்கு அவர்களையே சொல்லிக்கொடுத்தார்கள். “இவன் ஒம் மவன். இவன்னா ஒனக்கு உசுரு.” அந்தத் தாய் மகனைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள், “சரி” என்றாள்.

மீனவர்களின் உள்ளங்கைக் காய்ப்பு உதிர்ந்துபோனதால் கயிறு கையை அறுத்தது. வலை இழுத்துவிட்டு வந்தவர்கள் இரத்தக் கையோடு ஏலக்கூடத்தில் நின்றார்கள், யாரும் கடலைத் திட்டவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் ஃபாதருக்கு வேலை சுலபமானது. ஆட்கள் வந்து, செய்ததை எல்லாம் பட்டியலாகச் சொன்னார்கள், பஸ் நேரம் சொல்வதைப்போலச் சொன்னார்கள், எழுந்து போனார்கள். மார்கழியில் கிறிஸ்துமஸ் வந்தபோது அதற்குள் சைபராகியிருந்தவர்கள் வாழ்க்கையில் முதல்முதலாக நட்சத்திர விளக்கைப் பார்க்கிறதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. சண்டை இல்லை, புலம்பல் இல்லை, சாயங்காலங்களில் தெருக்கள் அத்தனை அமைதியாக இருந்தன. அந்த அமைதியைக் கேட்கமுடியாமல் தெக்லா மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஏனென்றால் ‘கடல் விண்மீன்’ விஷயம் அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி கடைசிச் சனிக்கிழமை மதியம் அது. கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. படம் நிற்கிறது, படம் நிற்கிறது என்று ஆபீசின் இரண்டு போன்களும் ஓயாமல் அடித்தன. லெயோன் அண்ணாச்சி ஒன்றை எடுத்தார், தெக்லா ஒன்றை எடுத்தாள். இருநூறு பேராவது கூப்பிட்டிருப்பார்கள். “பெரிய பெட்டியை அணைச்சுப் போடு பிள்ள, எல்லாம் சரியாயிரும்” என்றார் அண்ணாச்சி. இரண்டு ஐந்துக்கு அவள், ஊர் முழுக்க லைன் கொடுக்கும் அந்த ஆபீஸ் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். வழக்கமாக மூன்று நிமிஷத்தில் எழும்பும் பெட்டி அன்றைக்கு எழும்பவில்லை. எழும்பியபோது மணி இரண்டு நாற்பத்தாறு.

கடற்கரையில் மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறை ஒன்று இருந்தது. நகரத்திலிருந்து காற்றெச்சரிக்கை இன்டர்நெட் வழியாக அந்த அறைக்கு வரும், அங்கே உட்கார்ந்திருப்பவர் அதைப் படகுகளுக்குச் சொல்வார். அன்றைய எச்சரிக்கை இரண்டு பத்துக்குப் புறப்பட்டது. பெட்டி உறங்கிக்கொண்டிருந்ததால் அறைக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. கரையோரம் நின்ற படகுகள் வானத்தைப் பார்த்துத் தாங்களாகவே திரும்பிவிட்டன. தூரத்தில் இருந்த ‘கடல் விண்மீன்’ திரும்பவில்லை. அதில் போன ஒன்பது பேரில் ஒருவன் ரொமால்ட், செலினின் புருஷன்.

விசாரணை வந்தது. அதிகாரி, அன்றைக்கு லைன் இருந்ததா என்று கேட்டு எழுதினார். தெக்லா கண்காணிப்புக் கம்ப்யூட்டரின் கோட்டை அச்செடுத்தாள். இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அது ஓர் இடத்தில்கூட அறுபடாமல் ஓடியிருந்தது. தன் விரல் பொத்தானை அழுத்தியது அவளுக்கு நினைவிருந்தது, ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோது அவள் விரலைவிடக் கோட்டைத்தான் நம்பினாள். ஒருவேளை அது வேறு நாளாக இருக்கும், ஒருவேளை மூன்றே நிமிஷமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ‘தடை ஏதுமில்லை’ என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று நாள் கழித்து மனசு கேட்காமல் வெறும் எண்களைத் திறந்து பார்த்தாள். இரண்டு ஐந்துக்கு ஒரு பெரிய எண். பிறகு எட்டு இடங்கள் காலி. அதற்கடுத்து ஒரு சின்னஞ்சிறு எண். நாற்பத்தொரு நிமிஷம் அங்கே கிடந்தது, அதன் மேல் கோடு பாலம் போட்டிருந்தது.

அண்ணாச்சியிடம் சொன்னாள்.

“நாம பொய் சொல்லலையே பிள்ள. மிஷின் போட்ட கோடுதானே” என்றார். அன்றைக்கு அவர் கை நடுங்கியது. கஸ்பார் வாத்தியாருக்கு மூன்றாம் வீடு அவருடையது. சைபரான பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தெக்லா மறுபடி அதைப் பேசியபோது, “ஆமா, அணைச்சோம்லா” என்றார் சாதாரணமாக. “கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்கலையே.”

யாரும் கேட்கவில்லை. படகில் போன ஒன்பது பேரின் பெண்களும் ஆரம்பத்தில் தினமும் சங்கத்து வாசலில் உட்கார்ந்து கத்தினார்கள், நியாயம் கேட்டார்கள். அது ஒவ்வொரு தெருவாக வர வர, அந்த வாசலில் ஒவ்வொருத்தியாகக் குறைந்தாள். “அவிய போயிட்டாவ, சரி, இனி என்னத்துக்கு?” என்று சொல்லி, விசாரணைக்கு வரவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தை மாதம் கடைசி வாரத்தில் அந்த வாசலில் செலின் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது, இருந்தும் கத்தினாள். கடைசி விசாரணை வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, மாவட்டத் தலைநகரில்.

அதே வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வீட்டின் முறை.

புதன்கிழமை மதியம் தெக்லா அக்கா வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் ஒரு யோசனை அவளோடு கூடவே நடந்து வந்தது. நாளைக்குப் பதினொன்று அடிக்கட்டும், அதற்கப்புறம் சொல்லலாம். அப்போது அக்கா “சரி” என்பாள், ஒன்றும் ஆகாது. அதற்கு மூன்றாம் நாள் தனக்கும் முறை வந்துவிடும், இந்தப் பாரமும் போய்விடும், அவ்வளவுதான். நல்ல யோசனை. அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அவள் பயந்தாள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ச் சொன்னாள்.

“அக்கா, அன்னைக்கு லைன் இல்ல. நாந்தான் அணைச்சேன். தடை இல்லைன்னு எழுதிக்கொடுத்ததும் நாந்தான்.”

செலின் அதிகாரியிடம் சொல்லவேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை மூடினாள்.

“எவ்வளவு நேரம்?”

“நாப்பத்தோரு நிமிஷம்.”

“ரெண்டு பத்துக்கே சொல்லியிருந்தா அவிய திரும்பியிருப்பாவளா?”

“திரும்பியிருக்கலாம்க்கா” என்றாள்.

செலின் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். கை நிறைய அறைந்தாள், இரண்டாம் தடவையும் அறைந்தாள். மூன்றாம் தடவை ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

“என்னத்துக்குட்டி அணைச்சீங்க?”

“படம் நிக்குதுன்னு ஊரே போன் பண்ணிச்சு.”

செலின் சுவரில் சாய்ந்து மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். “நானும் பண்ணேன்” என்றாள். “லெயோன் அண்ணாச்சிதான் எடுத்தாவ. என்ன ஆபீஸ் நடத்துதீங்க, ஒரு படம் பாக்க முடியலன்னு வஞ்சேன்.” அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது, ஆனால் யார் அழுதது என்று எதிர்வரிசை வீட்டார் வந்து பார்க்கவில்லை. அவர்கள் போன வாரமே சைபராகியிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். செலின் முன்னால் உட்கார்ந்தாள், தெக்லா கடைசி சீட்டில். தெக்லாவின் பையில் எண்களை அச்செடுத்த தாள் இருந்தது, ஊர் முறைப்படி ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் இருந்தது.

பத்தரைக்குக் கூப்பிடவேண்டியவர்கள் பத்து ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், களைத்தவர், கெட்டவர் அல்ல. எதிரில் இருந்த ஃபைலில் மேலாக அந்தக் கோடு போட்ட தாள் இருந்தது. செலின் நோட்டைத் திறக்கவே இல்லை. மூன்று மாதமாக உள்ளே சேர்ந்து கிடந்தது தானாக வந்தது. ஒன்பது பேர் பெயரையும் சொன்னாள், ஒவ்வொருவனுக்கும் எத்தனை பிள்ளைகள் என்று சொன்னாள், கரையில் நின்று அவர்கள் பெயரைக் கூப்பிட்ட மூன்று நாளைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். “சார், ஒங்க தாள்ல கோடு நேராப் போகுது. எங்க வீட்டுல எல்லாம் அந்த இடத்துலதான் அறுந்து கிடக்கு. அவிய சட்டை இன்னும்—”

அங்கே நின்றாள். ஓங்கிய கை காற்றில் நின்றது, கண்ணிலிருந்து இறங்கிய நீர் மட்டும் கன்னத்தில் தொடர்ந்து இறங்கியது. அதிகாரி பதறி எழுந்து, “தண்ணி கொண்டாங்க, டாக்டரக் கூப்பிடுங்க” என்றார்.

“அஞ்சு நிமிஷம் சார்” என்றாள் தெக்லா. “எங்க ஊர்ல இப்ப இப்படித்தான்.”

அந்த ஐந்து நிமிஷமும் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. தெக்லா சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை, பிரிக்க மனம் வரவில்லை. செலின் கண் சிமிட்டினாள். கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, முந்தானையால் துடைத்தாள்.

“—கொடியில கிடக்கு” என்று முடித்தாள். “எடுத்து மடிச்சு வைக்கணும். வேற என்ன சார் கேக்கணும்?”

அதிகாரி அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “வேற ஒண்ணும் இல்லையாம்மா?”

“இல்ல சார். ஒம்போது பேர் செத்துட்டாவ. அவ்வளவுதான்.”

அவர் ஃபைலை மூடக் கையை வைத்தபோது தெக்லா எழுந்தாள். “சார், அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது நான். கோடு பொய் சொல்லல, ஆனா அது உண்மையும் இல்ல” என்று ஆரம்பித்து, எண் குறைந்தால் கம்ப்யூட்டர் என்ன நினைத்துக்கொள்ளும், பதில் வராத இடத்தில் எப்படிப் பாலம் போடும், அப்படிப் போடச் சொல்லி அமைத்தது யார், பொத்தானை அழுத்தியது யார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். எண்கள் இருந்த தாளை அவர்முன் வைத்தாள். காலியாகக் கிடந்த எட்டு இடங்களையும் விரல் வைத்துக் காட்டினாள்.

“இதுக்கு நீங்களும் பதில் சொல்லவேண்டியிருக்கும்மா, தெரியுமா?”

“தெரியும் சார்.”

அவர் எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் செலின் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலோர சீட்டை அவளுக்குக் கொடுத்தாள், ஒரு ஆரஞ்சுப்பழம் வாங்கி உரித்துப் பாதியை நீட்டினாள். தெக்லாவின் கன்னத்தில் விரல் தடத்தைப் பார்த்து, “நேத்து நல்லா பட்டுட்டு போல” என்றாள் இரக்கத்தோடு. தெக்லா சுளையை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் ஊர் வரும்வரை வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. அதிகாரி கேபிள் ஆபீசில் லெயோன் அண்ணாச்சியிடம் கேட்டார்.

“ஆமா சார், அணைச்சோம். நாப்பத்தோரு நிமிஷம்” என்றார் அண்ணாச்சி. கோர்ட்டுக்கு வரவேண்டும் என்றபோது, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டுக் கையில் குறித்துக்கொண்டார்.

வாசலில் கூடியிருந்தவர்களில் எட்டுப் பெண்கள் ‘கடல் விண்மீன்’ வீட்டுக்காரிகள். தங்கள் புருஷன்மாரும் பிள்ளைகளும் எதனால் செத்தார்கள் என்று அதிகாரி உரக்க வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஒருத்தி, “வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கீங்களா சார்?” என்று கேட்டாள். அவர் குடிக்கவில்லை. ஜீப்பில் ஏறியவர் ஊர் எல்லை தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை என்று டிரைவர் பிறகு சொன்னான்.

உண்மை வெளியே வந்தது, அதைச் சுமக்கத்தான் ஊரில் ஒருவரும் இல்லை. அது ஏலம் போகாத மீன்போல மணலில் கிடந்தது. தெக்லா வெள்ளிக்கிழமை சாயங்காலம் செலின் வீட்டுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். “தெரியும்லா, சொன்னியே” என்றாள் செலின், காப்பி கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் மறுபடி போய்ச் சொன்னாள். “சரிட்டி” என்றாள் செலின், இட்லி வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் மூன்றாம் தடவை போனபோது செலின் கொல்லைப்புறத்தில் அரிவாள்மணையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். காய்ப்பு போன கை என்பதால் விரலில் இரண்டு இடத்தில் துணி சுற்றியிருந்தது. தெக்லா அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ரெண்டு அஞ்சுக்கு நான் பொத்தான அழுத்தினேன். ரெண்டு பத்துக்கு எச்சரிக்கை புறப்பட்டுது. அத்தான் கடல்ல இருந்தாவ.”

“என்னத்துக்குட்டி இதையே திரும்பத் திரும்பச் சொல்லுத?”

“நீ கோவப்படணும்க்கா.”

செலின் செதிலைச் சீவினாள். ஒரு மீன், இரண்டு மீன். மூன்றாவதைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். தெக்லா பயந்துபோய் அவள் கண்ணைப் பார்த்தாள். கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. அது வேறு நிற்பு.

“இங்ஙன” என்று செலின் நெஞ்சுக்குக் கீழே மீன் ரத்தக் கையை வைத்தாள். “சின்னதா என்னமோ குத்துது.”

“வலிக்கா?”

“நீ பேசும்போது குத்துது. ஒம் மூஞ்சியப் பாத்தா குத்துது.” அவள் குரல் கொஞ்சம் கரகரத்தது. “எழுந்து போ. இப்ப போயிரு.” தெக்லா எழுந்தாள். கொல்லைக் கதவுவரை போனதும் செலின் கூப்பிட்டாள். “நாளைக்கும் வந்து சொல்லு.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு முறைக்கா. அப்புறம் எனக்கு வரணும்னு தோணாது.”

செலின் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள். தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள், மூன்று நாளில் முதல்தடவையாக அந்தப் பார்வையில் மரியாதை இல்லை.

“நான் வாரேன்” என்றாள். “பதினொன்னு அஞ்சுக்கு ஒன் வாசல்ல நிப்பேன். யாரையும் ஒன் நாக்குல சர்க்கரை வைக்க விடமாட்டேன். நீ என்ன செஞ்சன்னு சொல்லுவேன். மறுநாளும் வருவேன்.”